காயப்பட்ட மூத்த வீரரால் அணிக்கு என்ன பயன்?

"டொக்டர், சனிக்கிழமை ஒரு மச் இருக்கு. ஒரு ஊசி போட்டுவிட்டால் சமாளிச்சிடுவன்."

சென்ற கோடையில் என்னிடம் வந்த ஓர் அன்பர் இப்படிக் கேட்டார். வயது 46. பழைய மாணவர் உதைபந்தாட்ட அணியில் பின்கள வீரர். வார நாட்களில் களஞ்சியசாலை ஒன்றில் நின்றபடியே வேலை. வலது முழங்கால் நன்றாக வீங்கியிருந்தது. "நான் இல்லாட்டி பின்னுக்கு நிண்டு பெடியளை நடத்த ஆளில்லை" என்றார். (அவருடைய சம்மதத்துடன், அடையாளங்களை மாற்றியே இதை எழுதுகிறேன்.)

அவர் சொன்னது வீண்பெருமை அல்ல. அடிக்கடி காயப்படும் மூத்த பின்கள வீரர் ஒருவர் அணிக்கு எவ்வளவு பெறுமதியானவர் என்பதை லண்டனில் இருக்கும் நாம் கண்முன்னே கண்டிருக்கிறோம். ரொட்டன்ஹாம் அணியின் தலைவராக இருந்த லெட்லி கிங்கைத்தான் சொல்கிறேன்.

கிங்கின் இடது முழங்காலில் குருத்தெலும்பு ஏறக்குறைய முழுவதும் தேய்ந்துபோயிருந்தது. ஓர் ஆட்டம் முடிந்தால் முழங்கால் வீங்கிவிடும். அதனால் அவர் மற்ற வீரர்களோடு பந்துப் பயிற்சி செய்வதில்லை. வாரம் முழுவதும் நீச்சல் குளத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் இருந்துவிட்டு, ஆட்ட நாளில் நேராக மைதானத்தில் இறங்குவார்.

அப்படி இறங்கியவர்தான் 2008 பெப்ரவரியில் வெம்பிளியில் செல்சியை 2-1 என வென்று லீக் கிண்ணத்தைத் தூக்கினார். 2009-10 பருவத்தில் லீக்கின் 38 ஆட்டங்களில் ஏறக்குறைய பாதியில்தான் அவரால் ஆட முடிந்தது. ஆனாலும் 2010 மே மாதம் மன்செஸ்டர் சிற்றியை 1-0 என வென்று நான்காம் இடத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் அவர் பின்களத்தில் நின்றார். அந்த வெற்றியால் ரொட்டன்ஹாமுக்குச் சம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஆடும் வாய்ப்புக் கிடைத்தது.

எப்படி இது முடிந்தது? நல்ல பின்கள வீரர் கால்களால் மட்டும் ஆடுவதில்லை. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே பார்த்து அங்கே நின்றுகொள்வார். பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டு இடம் மாற்றுவார். இதனால் பத்து ஓட்டங்கள் ஓட வேண்டிய இடத்தில் மூன்று போதும். வயது போகப் போக வேகம் குறையும். இந்தப் பார்வை வளரும்.

முழங்காலுக்குள் நடப்பது என்ன?

எலும்புகளின் முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே அது கிழிந்தாலோ தேய்ந்தாலோ தோல் காயம்போல ஆறுவதில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவமே அதற்கு உணவு. அளவான அசைவு அந்த உணவை உள்ளே செலுத்துகிறது. முழங்கால் வீங்கும்போது தொடையின் முன்தசை சரியாகச் சுருங்க மறுக்கும். தசை தளர்ந்தால் சுமை முழுவதும் மூட்டில் விழும். வீங்கிய காலுடன் ஆடினால் கேடு மேலும் கூடுவது இதனால்தான்.

கிங்கும் இதற்கு விலை கொடுத்தார். 2010 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவுக்கு எதிரான முதல் ஆட்டத்தின் இடைவேளையிலேயே தொடை இடுக்குக் காயத்தால் வெளியேறினார். 2012 ஜூலையில், 31 வயதில், ஓய்வு பெற்றார். உலகத்தரமான வைத்தியர்கள் சூழ இருந்தவருக்கே இந்த நிலை. எங்கள் அன்பருக்கு இருப்பது ஒரு குடும்ப வைத்தியரும் ஒரு குளிசைப் பெட்டியும்தான். அவர் முழங்கால் போனால் வேலையும் போகும்.

நான் சொன்ன ஆலோசனை

அகதியாக வந்த எங்கள் தலைமுறை, நோவைப் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போய்த்தான் குடும்பங்களை நிமிர்த்தியது. நானும் அப்படி வந்தவன்தான். ஆனால் அந்தப் பழக்கம் முழங்காலுக்கு உதவாது. அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்:

1. நோவை மறைத்து ஆடுவதற்காக ஊசி கேட்காதீர்கள். நோவு மறைந்தாலும் பாதிப்பு அப்படியே இருக்கும்.

2. இபுபுரூபன் போன்ற நோக்குளிசைகளை ஆட்டத்துக்கு முன் வழக்கமாகப் போடாதீர்கள். உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இருதய நோய் உள்ளவர்களுக்கு இவை ஆபத்தாகலாம்.

3. முழங்கால் வீங்கியிருந்தால் ஆட வேண்டாம். கால் மடங்காமல் பூட்டிக்கொண்டால், அல்லது நடக்கும்போது திடீரென மடிந்து விழப்பார்த்தால், உடனே வைத்தியரைக் காணுங்கள்.

4. தினமும் தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யுங்கள். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்து வைத்து, மற்றக் காலை நீட்டியபடி ஓர் அடி உயர்த்தி, ஐந்து விநாடி பிடித்து இறக்குங்கள். பத்துத் தடவை போதும். நீச்சலும் சைக்கிளும் நல்லவை.

5. உடல் நிறையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும்.

அணி நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூத்த வீரரை வைத்திருங்கள். ஆனால் எண்ணி எண்ணிச் செலவழியுங்கள். ஒரே நாளில் நான்கு ஆட்டங்கள் வரும் சுற்றுப்போட்டியில் அவருக்கு ஓர் ஆட்டம், அதிலும் பாதி நேரம் கொடுங்கள். அவர் பக்கத்தில் ஓர் இளம் வீரரை நிறுத்திப் பழக்குங்கள். "முடியாது" என்று அவர் சொன்னால் கேலி செய்யாதீர்கள். கேலிக்குப் பயந்துதான் பலர் நோவை மறைக்கிறார்கள்.

எங்கள் அன்பர் அந்தச் சனிக்கிழமை ஆடவில்லை. கோபத்தோடுதான் எழுந்து போனார். ஆனாலும் மைதானத்துக்குப் போய், கோட்டுக்கு வெளியே நின்று, தொண்டை கட்டும்வரை பெடியளுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். மூன்று மாதம் இயன்மருத்துவரிடம் போனார். ஆறு கிலோ குறைத்தார். இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைநேரம் ஆடுகிறார். வேலைக்கும் ஒழுங்காகப் போய்வருகிறார்.

கிங்கையும் அவருடைய கழகம் கைவிடவில்லை. 2020இல் முதலணியின் பயிற்றுநர் குழுவிலும் அவர் இணைக்கப்பட்டார். கால் ஓய்ந்த பிறகும் அந்த அனுபவம் அணிக்குத் தேவைப்பட்டது. உங்கள் அணியிலும் இப்படி ஒருவர் இருப்பார். அடுத்த ஆட்டத்துக்கு முன் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணை, முழங்கால் எப்படி?"