பூட்டுப் பெடலுக்கு ஒரு சாதாரண ஷூ

சைக்கிள் பந்தயக்காரர்கள் 'கிளிப்லெஸ்' பெடல் என்று ஒன்றைச் சொல்வார்கள். கிளிப் இல்லாதது என்று பொருள். ஆனால் காலை விடாமல் பிடித்துக்கொள்வதோ அந்தப் பெடல்தான்! இந்த முரண்பாட்டுக்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் பந்தய சைக்கிளின் பெடலில் ஒரு கம்பிக் கூடு இருக்கும். அதற்குள் கால்விரல்களை நுழைத்து, தோல் வாரால் இறுக்குவார்கள். அந்தக் கூட்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். பனிச்சறுக்குக் கட்டையில் பூட்ஸைப் பூட்டும் கருவி செய்துவந்த பிரெஞ்சு நிறுவனமான லுக், 1984இல் அதே முறையைப் பெடலுக்கும் கொண்டுவந்தது. மறு ஆண்டே பெர்னார் இனோ அந்தப் பெடலை மிதித்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். கூடு போயிற்று, பெயரில் மட்டும் தங்கிவிட்டது.

ஷூவின் அடியில் திருகியிருக்கும் சிறு கட்டையைக் கிளீட் என்பார்கள். அதைப் பெடலில் வைத்து முன்னோக்கி அழுத்தினால், பெடலின் சுருள்வில் கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளிப்புறம் திருப்பினால் விட்டுவிடும். லுக் வகைக் கிளீட் பெரியது. அடிப்பாகத்துக்கு வெளியே துருத்தி நிற்கும். அதை அணிந்தவர் தரையில் வாத்தைப்போல் நடப்பார். 1990இல் ஜப்பானின் ஷிமானோ வெளியிட்ட எஸ்.பி.டி. வகை அப்படியன்று. சிறிய உலோகத் துண்டு, இரண்டே திருகு, அடிப்பாகத்துக்குள் புதைத்துவிடலாம். மேலே பார்த்தால் சாதாரண ஷூ, கீழே பார்த்தால் பூட்டு.

நமக்கு எதற்கு இது என்று நண்பர்கள் கேட்கலாம். பாலக்காட்டிலிருந்து வாளையார் வரை போய்வர இது வேண்டியதே இல்லை. ரப்பர்ச் செருப்பே போதும். என் வீடோ இடுக்கியில், பூப்பாறைப் பக்கம். விடுமுறைக்குப் போடிநாயக்கனூரிலிருந்து சைக்கிளில்தான் ஏறுவேன். போடிமெட்டு வரை 17 கொண்டைஊசி வளைவுகள். மேலே போனால் மழை. நனைந்த பெடலில் கால் வழுக்கினால் கணைக்காலில் இரும்பு அடிக்கும். தழும்பு இன்னும் இருக்கிறது. பூட்டுப் பெடலால் வலிமை இருமடங்காகும் என்பதெல்லாம் மிகை. கால் வழுக்காது, அவ்வளவுதான். மலையில் அது பெரிய காரியம்.

இந்தப் பெடலுக்கென்றே கேன்வாஸ் ஷூ போன்ற தோற்றத்தில் செய்தவையும் விற்கின்றன. விலையைக் கேட்டதும் என் உதவித்தொகை வாயை மூடிக்கொண்டது. (ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே ஷூ தைக்கிறோம், இந்த ஒன்றை நமக்காகத் தைத்தால் என்ன?) ஆகவே பழைய ஷூ ஒன்றை எடுத்துக்கொண்டு, பாலக்காட்டில் சாலையோரம் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போனேன்.

"நல்ல ஷூவுல எதுக்குத் தம்பி ஓட்டை?" என்றார்.

"சைக்கிளுக்கு, ஐயா" என்றேன். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு உளியை எடுத்தார்.

முதல் ஷூ வீணாயிற்று. பிழை என்னுடையதுதான், அடிப்பாகம் மெல்லியது. உடல் எடை முழுவதும் அந்தச் சிறு உலோகத் துண்டின்மேல் இறங்க, அடிப்பாகம் வளைந்து, பத்தாவது வளைவுக்குள் பாதம் மரத்துவிட்டது. தகடொன்றின் வளைவெதிர்ப்பு அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்தது என்று வகுப்பில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! தடிமன் இரட்டித்தால் எதிர்ப்பு எட்டு மடங்கு. இரண்டாம் முறை, கையால் வளைத்தால் வளையாத தடித்த அடியுள்ள ஷூவாகத் தேடினேன்.

செய்யும் முறை கடினமன்று. பெருவிரலின் அடிமூட்டுக்கு நேர்கீழே வெளி அடிப்பாகத்தைச் சதுரமாக வெட்ட வேண்டும். உள்ளே, கால் படும் அட்டைக்கு அடியில், 3 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றை வைக்க வேண்டும். அதில் 14 மி.மீ. இடைவெளியில் 5 மி.மீ. திருகுக்கு இரண்டு மரைத் துளைகள். லேத் பட்டறையில் போட்டுத் தருவார்கள். தகட்டின்மேல் பழைய டியூப் துண்டு ஒன்றை ஒட்டினால் துளைவழி தண்ணீர் ஏறாது. கிளீட் தரையில் படாத அளவுக்குக் குழி ஆழமாயிருக்கட்டும். இல்லாவிட்டால் ஆய்வுக்கூடத்து மொசைக் தரையில் வழுக்கும், 'டக் டக்' என்று காட்டியும் கொடுக்கும். மிக ஆழமானாலோ சுற்றியுள்ள ரப்பர் பெடலில் இடித்து, பூட்டு விழாது. நாங்கள் ஓரங்களை மூன்று முறை சீவினோம்.

திருகு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. ஒரு திருகு கழன்றால், குதிகாலைத் திருப்பும்போது ஷூதான் மற்றத் திருகைச் சுற்றித் திரும்பும். கிளீட் பெடலைவிட்டு வராது. இறக்கத்தில் எனக்கு அது நேர்ந்தது. பின்னால் ஏலக்காய் ஏற்றிய ஜீப்பு. இடது காலை ஊன்றி ஓரத்தில் நின்று, நாடாவை அவிழ்த்து, ஷூவைப் பெடலிலேயே விட்டுவிட்டு வலது காலை உருவிக்கொண்டேன். நாடா உள்ள ஷூவாக இருந்தது என் அதிர்ஷ்டம். இப்போது புறப்படுமுன் 4 மி.மீ. அறுகோணச் சாவியால் நான்கு திருகையும் இறுக்கிப் பார்க்கிறேன். சாவியும் பையிலேயே இருக்கும்.

புதிதாக மாட்டுகிறவர்கள் சுருள்வில்லைத் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஐம்பது முறையாவது மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். நான் பழகவில்லை. பூப்பாறை டீக்கடை வாசலில் காலை எடுக்க மறந்து வண்டியோடு சாய்ந்தபோது, பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் மாமா.