பழைய அலைவுகாட்டியைச் சரிபார்த்தல்



கம்பியில் ஓடும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கங்களைக் கண்ணுக்குப் புலனாக்கும் கருவி ஆஸிலோஸ்கோப். தமிழில் அதனை அலைவுகாட்டி என்பர். 1897-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் அமைத்த எதிர்மின் கதிர்க் குழாயே அதன் மூதாதை. குழாயின் ஒரு முனையிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான் கற்றை மறுமுனையிலுள்ள திரையில் மோதி ஒளிப்புள்ளியாகத் தோன்றும். அப்புள்ளியைக் கருவியே இடமிருந்து வலமாக ஒரே சீராக இழுத்துச் செல்லும். நாம் ஆராய எடுத்துக்கொண்ட மின்னழுத்தமோ அதனை மேலும் கீழும் அசைக்கும். இவ்விரண்டும் சேர்ந்து திரையில் அலையை எழுதுகின்றன.

இன்று ஆய்வுக்கூடங்களில் எண்முறைக் கருவிகள் இடம்பிடித்துவிட்டன. அதனால் இத்தகைய பழைய குழாய்க் கருவிகள் சொற்ப விலைக்குக் கைமாறுகின்றன. ஓய்வுபெற்ற பின் நானும் ஒன்றை வாங்கினேன். வாங்கிய முதல் வாரமே அதனைக் கெடுத்தேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சிறிய மின்மாற்றி ஒன்றினால் வீட்டு மின்சாரத்தை 6 வோல்ட்டாகக் குறைத்து, அதனைக் கருவிக்கு ஊட்டினேன். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவது. ஆகவே ஓர் அலைக்கு 20 மில்லிவினாடி. கட்டத்திற்கு 5 மில்லிவினாடி என்று குமிழை வைத்தால், ஓர் அலை 4 கட்டங்களை அடைக்க வேண்டும். திரையிலோ மூன்றரைக் கட்டமே அடைத்தது. கருவி வயதாகித் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த திருகாணிகளைத் திருப்புளியால் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். பழைய நிலையைக் குறித்துக்கொள்ளவும் இல்லை. ஒருவாறு 4 கட்டம் வந்தது; பெருமையுடன் மூடினேன்.

மறுநாள்தான் கண்டேன். பெரிய குமிழின் நடுவே ஒரு சிறு குமிழ் உண்டு. கட்டத்தின் அளவை விருப்பம்போல் மாற்றுவது அது. கோடியில் "டிக்" என்று பொருந்தி நின்றால்தான் பெரிய குமிழில் எழுதியிருக்கும் எண் மெய். அது சற்றே விலகி நின்றிருந்தது! அதனைப் பொருத்தியதும் அலை நாலரைக் கட்டத்துக்கும் மேலாக நீண்டது. சரியாக இருந்த கருவியைத் தவறாக்கியவன் நானே. திருகாணிகளைப் பழைய நிலைக்குக் கொணர இரண்டு வாரம் பிடித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உள்ளேயிருக்கும் திருகாணி ஓர் இரவில் தானாகத் திரும்புவதில்லை. வயதினால் வரும் பிசகு மெல்ல மெல்ல, சிறுகச் சிறுக வருவது. பெரிய பிழை தெரிந்தால், குமிழ் ஒன்று இடம் மாறியிருக்கும். அல்லது கம்பி பழுதாயிருக்கும். அல்லது உள்ளே ஓர் உறுப்பு கெட்டிருக்கும். ஆகவே ஐயம் முதலில் குமிழ்மீதும், பின்னர் கம்பிமீதும், அதன் பின்னரே கருவியின் உள்ளுறுப்புகள்மீதும் செல்ல வேண்டும்.

கருவியை அரைமணி நேரம் சூடேற விட்டுப் பிறகு சோதியுங்கள். உயர அளவைச் சரிபார்க்க ஒரு டார்ச் மின்கலம் போதும். அதன் அழுத்தத்தை நல்ல மல்டிமீட்டரால் முன்னதாக அளந்துகொள்ளுங்கள். புதிய மின்கலம் 1.5 என்று பெயர் பெற்றிருந்தாலும் 1.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். நேர்மின்னோட்ட நிலையில், கட்டத்திற்கு அரை வோல்ட் என்று வைத்து இணைத்தால், ஒளிக்கோடு 3 கட்டத்துக்குச் சற்று மேலே தாவ வேண்டும். பழைய கருவிகள் பலவற்றிற்கு நூற்றுக்கு 3 பங்கு பிழையை அவற்றைச் செய்தோரே அனுமதித்திருந்தனர். அதற்கும் நுட்பமாக வேண்டுமென்று திருப்புளியைத் தூக்குவது வீண்வேலை.

அடுத்தது புரோப் என்னும் சோதனைக் கம்பி. பத்திலொன்றாகக் குறைக்கும் புரோப்பில் சிறு திருகாணி ஒன்று இருக்கும். கருவியின் முகப்பிலேயே, பெரும்பாலும் வினாடிக்கு 1,000 முறை அலையும், சதுர அலை தரும் முனை உண்டு. புரோப்பை அதில் தொடுத்துப் பாருங்கள். சதுரத்தின் முன்மூலை மழுங்கியிருந்தால் ஈடு குறைவு. கொம்புபோல் நீட்டியிருந்தால் ஈடு மிகுதி. உச்சி சமதளமாகும் வரை அத்திருகாணியைத் திருப்புக. இத்திருத்தத்தைத் தயங்காமல் எவரும் செய்யலாம்.

ஒளிக்கோடே தோன்றவில்லையெனில் கலங்க வேண்டா. ஒளிக்குமிழைச் சற்றே உயர்த்தி, இடக்குமிழ்களை நடுவில் நிறுத்தி, துவக்க முறையைத் தானியங்கியில் வையுங்கள். பாதிக்கு மேற்பட்ட "பழுதுகள்" இதிலேயே தீர்வதை நான் கண்டிருக்கிறேன். அசையாத புள்ளி மட்டும் தெரிந்தால் உடனே ஒளியைக் குறையுங்கள். இல்லையேல் திரையின் பூச்சு அவ்விடத்தில் கருகிவிடும்.

மூடியைத் திறப்பது பற்றிக் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. குழாய்க்கு ஊட்டும் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட். சுவிட்சை அணைத்து, செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். சாதாரண மல்டிமீட்டர் அதனை அளக்கத் தாங்காது. விஷயம் தெரிந்த பெரியவர் அருகில் இல்லாமல் எந்த மாணவரும் திறத்தல் ஆகாது. திறப்பவரும் மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டே வேலை செய்க. இன்னொன்று: புரோப்பின் தரைக்கவ்வி கருவியின் உலோகக் கூட்டோடும், அதன் வழியே நிலத்தோடும் இணைந்தது. அதனை வீட்டு மின்கம்பியில் நேரே மாட்டினால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். அதைத் தவிர்க்க நிலக்கம்பியை வெட்டிவிடுவோரும் உண்டு. அப்போது கூடு முழுவதுமே உயிர்க்கொல்லியாகிவிடும். மின்மாற்றி வழியாக நான் ஊட்டியது இதற்காகவே.

திறந்தபின் முதலில் அளக்க வேண்டியவை, கருவியின் கையேட்டில் குறித்துள்ள தாழ்ந்த மின்வழங்கல் அழுத்தங்கள். அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் உயரம், அகலம், ஒளி எல்லாமே பிசகும். அந்நிலையில் செய்யும் திருத்தம் எதுவும் நிலைக்காது. ஒளிக்கோடு நேராக இராமல் வினாடிக்கு 100 முறை நெளிந்தால், மின்திருத்தியை அடுத்த மின்தேக்கிகள் உலர்ந்துவிட்டன என்று பெரும்பாலும் கொள்ளலாம். குமிழைத் தொட்டால் கோடு துள்ளுமாயின், தொடுமுனைகளில் அழுக்கு. அணைத்த நிலையில் அதற்குரிய துப்புரவுத் திரவம் சிறிது விட்டு, இருபது முறை திருப்பினால் பெரும்பாலும் குணமாகும்.

இவ்வளவும் முடித்து மீண்டும் அந்த 6 வோல்ட் அலையைப் பார்த்தேன். அகலம் சரியாக 4 கட்டம். ஆனால் பாடநூலில் வரையும் அழகிய சைன் அலையாக அது இல்லை. உச்சிகள் சற்றுத் தட்டையாயிருந்தன. மறுபடியும் கருவியின்மேல் ஐயம் எழுந்தது. இம்முறை திருப்புளியை எடுக்கவில்லை. அலையைத் திரையின் மேல்பாதிக்கும் பின் கீழ்ப்பாதிக்கும் நகர்த்தினேன். உயரத்தைப் பாதியாக்கியும் பார்த்தேன். கருவியே அலையை நசுக்குவதாயின், இடம் மாறும்போது தட்டையும் மாற வேண்டும். அது மாறவில்லை. தட்டை மின்சாரத்திலேயே இருந்தது! தொலைக்காட்சி, கணிப்பொறி முதலியவற்றின் மின்திருத்திகள் அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தை உறிஞ்சுவதால், ஊர் மின்சாரத்தின் உச்சி இவ்வாறு மழுங்குகிறது.