சாயத்தொட்டியும் என்ட்ரோபியும்

உறையூர்த் தறிகளுக்கு நூல் சாயமிடுவோரும், திருவரங்கத் தீவில் வாழை பயிரிடுவோரும் வெவ்வேறு தொழிலினர். ஆயினும் இருவரையும் பிணைக்கும் இயற்கை விதிகள் உண்டு. அவற்றை நம் அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம்.

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்பது வெப்ப இயக்கவியலின் முதல் விதி. அடுப்பு விறகின் ஆற்றலில் ஒரு பகுதி தொட்டி நீரைச் சுடவைக்கிறது. எஞ்சியது காற்றில் கலக்கிறது. இரண்டையும் கூட்டினால் கணக்கு நேராகும்.

நிகழ்ச்சி எத்திசையில் செல்லும் என்பதைக் கூறுவது இரண்டாம் விதி. நீரில் விட்ட சாயத்துளி, கலக்காமலே எங்கும் பரவும். பரவியது தானே மீண்டும் துளியாகத் திரள்வதில்லை. 1865-இல் ஜெர்மானிய அறிஞர் கிளாசியஸ், வெப்பத்தைக் கொண்டு வரையறுத்த ஓர் அளவுக்கு ‘என்ட்ரோபி’ என்று பெயரிட்டார். துகள்கள் அமையக்கூடிய வகைகள் பெருகப் பெருக அது மிகும் என்று பின்னர்ப் போல்ட்ஸ்மன் விளக்கினார். புறத்தொடர்பற்ற அமைப்பில் என்ட்ரோபி குறைவதில்லை.

அங்ஙனமாயின், பரவிய சாயம் நூலில் ஏறுவது எவ்வாறு? சாயம் நூலைப் பற்றும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அவ்வெப்பம் சுற்றுப்புறத்தின் என்ட்ரோபியை மிகுவிக்கிறது. சாயம் இழந்ததை அது ஈடுசெய்கிறது. நீரைச் சுடவைத்தால் சாயம் விரைந்து ஏறும். ஆனால் மிகுந்த சூட்டில் இறுதியாக ஏறும் அளவு குறையும். நூலும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும் மின்தன்மையைத் தணிக்கவே உப்பு இடுகிறோம்.

அவ்வுப்பு நூலில் தங்குவதில்லை, கழிவுநீரிலேயே நிற்கிறது. அது வாய்க்காலை அடைந்தால், உப்பேறிய மண்ணிலிருந்து வாழைவேர் நீரை எளிதில் ஈர்க்க இயலாது. கலப்பதற்குக் கூலி இல்லை. பிரிப்பதற்கோ ஆற்றல் செலவிட்டே தீரவேண்டும். நொய்யலாறு மாசுற்றதால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் பட்டறைகள் கழிவுநீரை மின்விசையால் அழுத்திச் சவ்வுகளில் வடிகட்டியும், காய்ச்சியும் உப்பைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

உப்பு எத்துணை நீரில் விரவுகிறதோ, அதைப் பிரிக்கும் உழைப்பும் அத்துணை மிகும். ஆகவே, செறிந்த சாயத்தொட்டி நீரை அலசுநீரோடு சேர்க்காமல் தனியே தேக்கி, உப்புநீரைத் தூய்மை செய்து மறுமுறை பயன்படுத்துவதே சிக்கனம். தனித்தனிப் பட்டறைக்கு இது பெருஞ்சுமை. கூட்டுறவு முறையில் பொதுத்தொட்டி அமைத்தால் எளிதாகும். விதியை வெல்ல எவராலும் இயலாது. அறிந்து நடந்தால் தறியும் வாழும், தோட்டமும் வாழும்.