களியும் நெல்லிக்கனியும்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் உள்ளது அதியமான்கோட்டை. பெயரைக் கேட்டதுமே, தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியும், தான் உண்ணாமல் அவன் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியும் நினைவுக்கு வரும். அக்கனி நெடுவாழ்வு தரும் என்று நம்பினர் முன்னோர். அறிவியல் அவ்வளவு பெரிதாகச் சொல்வதில்லை; ஆயினும், குருதிக்கு நெல்லி நல்ல துணை என்கிறது. எவ்வாறு?

இவ்வட்டாரத்தின் பழைய உணவு கேழ்வரகுக் களி. களியை மெல்லாமல் விழுங்குவது வழக்கமாதலால், உமிழ்நீருக்கு அதிக வேலையில்லை. இரைப்பையில் கூழாகிச் சிறுகுடலை அடைந்த பின்னரே பெரும்பணி நடைபெறுகிறது. அங்கே கணைய நீரும் பித்த நீரும் குடல் நீரும் சேர்ந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும், புரதத்தை அமினோ அமிலங்களாகவும், கொழுப்பைக் கொழுப்பமிலங்களாகவும் பிரிக்கின்றன.

ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பானதன்று. ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத எண்ணற்ற குடலுறிஞ்சிகள், வெல்வெட்டுத் துணியின் இழைகளைப்போல் அதில் அடர்ந்து நிற்கின்றன. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இவற்றின் நுண்ணிய குருதிக் குழாய்களில் புகுந்து கல்லீரலுக்குச் செல்கின்றன. கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர் வழியே செல்கிறது.

ஆனால் உண்டதெல்லாம் உடலில் சேர்ந்துவிடுவதில்லை. கேழ்வரகிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தில் சிறு பங்கையே முன்சிறுகுடல் ஏற்கிறது. தானியத்திலுள்ள ஃபைட்டிக் அமிலமும் துவர்ப்புப் பொருள்களும் இரும்பைப் பற்றிக்கொள்வதே காரணம். உணவுடன் அருந்தும் தேநீரின் துவர்ப்பும் அவ்வாறே தடை செய்கிறது. நெல்லியில் நிறைந்துள்ள வைட்டமின் ‘சி’யோ, இரும்பைக் குடல் எளிதில் ஏற்கும் வடிவுக்கு மாற்றித் தருகிறது. ஆனால், அது அதே வேளை உணவோடு குடலைச் சென்றடைய வேண்டும்.

இது சிறு செய்தியன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சோகையுற்றவர்கள். இரும்புக் குறைவு அதன் முதன்மையான காரணங்களுள் ஒன்று.

எனவே தாய்மார்களே, கேழ்வரகை முளைகட்டி அரைத்துப் பயன்படுத்துங்கள். ஃபைட்டிக் அமிலம் குறையும். உணவோடு ஒரு பச்சை நெல்லிக்காயைத் துவையலாக்கியோ, மோரில் கலந்தோ உண்ணுங்கள். நெல்லி கிடைக்காத நாளில் கொய்யாவோ எலுமிச்சையோ உதவும். தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரமேனும் கழித்து அருந்துங்கள். சோகை கண்டவர்கள் மருத்துவரின் மாத்திரையை நிறுத்தலாகாது. நெல்லி அதற்குத் துணையேயன்றி மாற்றன்று.

அதியமான் கனியைத் தான் உண்ணாமல் ஈந்தான். நம் இல்லங்களிலோ எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, எஞ்சியதை உண்பவள் தாய். இன்று முதல் நெல்லிக்கனியை அவள் இலையில் முதலில் வைப்போம்.