பம்பாய் நாடாவில் நான்கு குச்சிகள்

லெட் செப்ளினின் பெயரில்லாத ஆல்பத்துக்கு மும்பையிலும் ஒரு வாழ்க்கை உண்டு. அது வெளியே வர 43 ஆண்டுகள் ஆயின.

கோபர்கைரனேவில் ரயில் ஏறினால் நெருல் கொஞ்ச தூரம்தான். அங்குள்ள டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் 2019இல் யு2 பாடியது. 2025 ஜனவரியில் கோல்ட்பிளே மூன்று நாள் பாடியது. உலக ராக் இசை இன்று நவி மும்பையின் வாசலுக்கே வருகிறது. 1972இல் கதையே வேறு. வாஷி பாலம்கூட அப்போது திறக்கப்படவில்லை. கோபர்கைரனே கழிமுக ஓரத்தில் ஒரு கிராமம்.

அந்த ஆண்டு அக்டோபரில் பம்பாய்க்கு வந்திறங்கினார்கள் இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள்: கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ், பாடகர் ராபர்ட் பிளான்ட். அவர்களது நான்காவது ஆல்பம் வெளிவந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 1971 நவம்பரில் வந்த அந்த ஆல்பத்தின் அட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. உள்ளே நான்கு பேருக்கும் நான்கு குறியீடுகள் மட்டுமே. பெயர் பார்த்து வாங்க வேண்டாம், கேட்டு வாங்குங்கள் என்ற வீம்பு. வாங்கினார்கள். அமெரிக்காவில் மட்டும் அதன் விற்பனைக் கணக்கு 2 கோடியே 30 லட்சத்தைத் தாண்டியது.

அப்படி என்ன இருக்கிறது அதில்? வெறும் இரைச்சல் என்று நினைப்பவர்களுக்கு ஆல்பமே பதில் சொல்கிறது. எட்டே பாடல்கள். முதல் பாடலில் குரல் தனியாக ஒரு வரி பாடி நிறுத்த, வாத்தியங்கள் பதில் சொல்கின்றன. மூன்றாவதில் மாண்டலின் கொஞ்சுகிறது. புகழ்பெற்ற ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ எட்டு நிமிடம். டிரம்ஸ் நுழையவே நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஆலாபனைக்குக் காத்திருந்து பழகிய காதுகளுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. கடைசிப் பாடலில் ஜான் பான்ஹமின் டிரம்ஸை ஒரு பழைய மாளிகையின் படிக்கட்டுக் கூடத்தில் வைத்து, மேலிருந்து மைக் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்த முழக்கத்தை இன்றும் டிரம்ஸ் கலைஞர்கள் தேடி அலைகிறார்கள்.

பம்பாய்க்கு அவர்கள் கொண்டுவந்தது இதே ஆல்பத்தின் ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ பாடலை. இரு கைகளிலும் இரண்டிரண்டு குச்சிகளைப் பிடித்து பான்ஹம் வாசித்ததால் வந்த பெயர். தாளம் ஐந்துக்கும் ஆறுக்கும் மாறி மாறி ஓடும். மேற்கத்திய ராக்கில் இது அபூர்வம். கண்ட சாபு தெரிந்த மாதுங்கா ரசிகருக்கு ஐந்தின் நடை வீட்டுச் சங்கதி.

சென்னையில் பிறந்த புல்லாங்குழல் வித்வான் விஜய் ராகவ் ராவ் வாத்தியக் குழுவை நடத்தினார். தபலா, சாரங்கி, ஷெனாய் சேர, அந்தப் பாடலும் முந்தைய ஆல்பத்தின் ‘ஃபிரெண்ட்ஸ்’ பாடலும் பதிவாயின. இரவில் கொலாபாவின் ‘ஸ்லிப் டிஸ்க்’ கிளப்பிலும் இருவரும் வாசித்தார்கள்.

பிறகு நாடா பெட்டிக்குள் போய்விட்டது. 1980இல் பான்ஹம் இறந்ததும் குழுவே கலைந்தது. ஆனால் பம்பாய் யோசனை பேஜை விடவில்லை. 1994இல் எகிப்திய இசைக் கலைஞர்களுடன் அதே இரு பாடல்களையும் அவரும் பிளான்ட்டும் மீண்டும் வாசித்தார்கள். அசல் நாடா 2015 ஜூலையில்தான், ‘கோடா’ ஆல்பத்தின் மறுபதிப்பில் முறையாக வெளிவந்தது.

பாடல் பட்டியலில் வாசித்தவர்களுக்குக் கிடைத்தது ‘பம்பாய் ஆர்கெஸ்ட்ரா’ என்ற பொதுப் பெயர் மட்டுமே. தன் பெயரைத் தானே மறைத்துக்கொண்ட ஆல்பம் உலகப் புகழ் பெற்றது. பெயர் மறைந்துபோன பம்பாய்க் கலைஞர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் விட்டுச்சென்றது சில நிமிட வாசிப்பு. கேட்டால் போதும், ஆள் யார் என்று தெரியாவிட்டாலும் கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.