ஒட்டகத்தைக் கட்டுங்கள், சைக்கிள் நட்டையும் இறுக்குங்கள்

எங்கள் மக்தபில் ஓதும் மாணவர் ஒருவர், அஸருக்குப் பிறகு தம் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாமே கழற்றி, டியூப் மாற்றி மாட்டியிருக்கிறார். மஃரிபுக்கு நேரமாகிவிட்டதே என்று நட்டுகளைக் கையால் திருகியதோடு கிளம்பிவிட்டார். தெருமுனை வேகத்தடையில் சக்கரம் கழன்றது. முன்பல் ஒன்று உடைந்தது. மணிக்கட்டில் எலும்பு முறிவு. அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஆபத்தில்லை.

பார்க்கச் சென்றபோது, "எல்லாம் தக்தீர், ஹஜ்ரத்" என்றார் தந்தை. "தக்தீர்தான் பாய். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதும் தக்தீருக்கு வெளியே இல்லையே" என்றேன். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கவா, கட்டிவிட்டு வைக்கவா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதீயில் இருக்கிறது. நம் பிள்ளைகளின் ஒட்டகம் சைக்கிள்தான். பள்ளிக்கும் மக்தபுக்கும் அதில்தான் போகிறார்கள்.

முதலில் ஒரு விஷயம். சாதாரண பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. கடைக்காரர் செய்வதைப் பாருங்கள்: டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடுவார். டியூபையோ டயரையோ மாற்றவும், ரிம், அச்சு வேலைக்கும்தான் கழற்ற வேண்டும்.

கழற்றும் முறை

சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் கீழே சாக்கு விரித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். பிரேக்கை முதலில் விடுவியுங்கள். பழைய கம்பி பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் உட்புறம் இருப்பதால், அவற்றைத் தளர்த்தாமல் சக்கரம் வராது. கேபிள் பிரேக்கில் கேபிளைக் கொக்கியிலிருந்து எடுத்தால் போதும். டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பிடியை அழுத்தாதீர்கள். பேடுகள் நெருங்கி, டிஸ்க் திரும்ப உள்ளே போகாது.

அச்சின் இரு நட்டுகளையும் இடப்புறமாகச் சுற்றி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பல சைக்கிள்களுக்கு 15 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும்; முன்சக்கர நட்டு சிறியதாகவும் இருக்கலாம். சரியாகப் பொருந்தாத ஸ்பேனர் நட்டின் முனையை மழுக்கிவிடும். மட்கார்டு கம்பி, கேரியர், ஸ்டாண்டு, வாசர் எந்த வரிசையில் வருகின்றனவோ, அதே வரிசையில் துணியில் அடுக்கி வையுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பின்சக்கரத்தில் செயினும் உண்டு. கியர் சைக்கிள் என்றால், கழற்றும் முன்பே செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். சக்கரம் சுற்றும்போது செயின் அருகே விரல் போகக் கூடாது. சிறுபிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மாட்டும் முறை

விபத்து பிறப்பது இங்கேதான். டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால், சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையை அது காட்ட வேண்டும். அச்சை இருபுறக் காடிகளிலும் வைத்து நட்டுகளை லேசாகத் திருகிய பின், சைக்கிளை நேராக நிமிர்த்துங்கள். முன்சக்கரத்தில் சைக்கிளின் எடையே அச்சைக் காடியின் அடிவரை உட்கார வைக்கும். ரிம் இருபுறமும் சம இடைவெளியில் இருக்கிறதா என்று பார்த்து, நட்டுகளை மாறி மாறி ஸ்பேனரால் இறுக்குங்கள். காடியில் கொக்கி போல மாட்டும் வாசர் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். நட்டு தளர்ந்தாலும் சக்கரம் விழாமல் காப்பது அதுதான்.

கியர் இல்லாத சைக்கிளின் பின்சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினைச் சரிசெய்ய வேண்டும். நடுச்செயினை மேலும் கீழும் அசைத்தால் ஒரு சென்டிமீட்டர் அளவு ஆட்டம் இருக்கட்டும். அதிகம் இறுக்கினால் மிதிக்கக் கனக்கும். தளர்ந்தால் செயின் கழலும்.

நட்டுக்குப் பதில் நெம்புபிடி உள்ள சைக்கிளில், பிடியைத் திருகுபோலச் சுற்றி இறுக்குவது தவறு. எதிர்ப்புற நட்டைத் தேவையான அளவு திருகிவிட்டுப் பிடியை மடக்க வேண்டும். பாதி மடக்கும்போதே இறுக்கம் தெரிய வேண்டும்; மடக்கி முடித்ததும் உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும்.

கடைசியாக, பிரேக்கைத் திரும்ப மாட்டுங்கள். பலர் மறப்பது இதைத்தான். முன்சக்கரத்தைத் தூக்கி, மேலிருந்து உள்ளங்கையால் ஓங்கித் தட்டுங்கள். சக்கரம் அசையக் கூடாது. சுற்றிவிடுங்கள், எங்கும் உரசக் கூடாது. இரு பிரேக்குகளையும் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். தெருவுக்குள் மெதுவாக ஓட்டிவிட்டு, நட்டுகளை மறுபடி ஒருமுறை சோதியுங்கள்.

உளூவைக் கவனியுங்கள்

வேலை முடிந்து நேராகப் பள்ளிவாசலுக்குப் போகிறவர் கவனிக்க: கையிலும் நக இடுக்கிலும் கிரீஸ் படலமாக ஒட்டியிருந்தால் தோலில் தண்ணீர் படாது, உளூ நிறைவேறாது. தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, சோப்பால் கழுவிய பிறகே உளூச் செய்யுங்கள். கறையின் நிறம் மட்டும் எஞ்சினால் குற்றமில்லை.

சைக்கிளும் அதில் போகும் பிள்ளையும் நம்மிடம் உள்ள அமானிதங்கள். வாகன துஆவை ஓதக் கற்றுக்கொடுக்கும்போதே, ஏறும் முன் இரு நட்டுகளையும் தொட்டுப் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக, ஆமீன்.