காதலுக்கு எதுக்கு காம்பஸ்? ஜான் டன் கவிதைகள் சொல்வது என்ன?

பள்ளியில் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் கையில் குத்துவது காம்பஸ்தான். வட்டம் போட மட்டுமே அதை எடுத்திருப்போம். ஆனால், 400 ஆண்டுகளுக்கு முன்பு லண்டனைச் சேர்ந்த ஒரு கவிஞர் அதே காம்பஸை வைத்துக் காதலைப் பேசினார். அவர் ஜான் டன் (1572-1631). அவரையும் அவர் வழியில் எழுதியவர்களையும் 'மெட்டாஃபிசிக்கல் கவிஞர்கள்' என்கிறார்கள்.

பெயர் எப்படி வந்தது?

அவர்களே வைத்துக்கொண்ட பெயர் அல்ல. 1779-ல் விமர்சகர் சாமுவேல் ஜான்சன் இந்தப் பெயரைப் பிரபலமாக்கினார். அதுவும் பாராட்டாக இல்லை. கவிதையில் படிப்பைக் காட்டிக்கொள்கிறார்கள் என்பது அவர் எரிச்சல். 1921-ல் டி.எஸ்.எலியட் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இவர்களுக்கு மறுபடி மவுசு கூடியது.

என்ன வித்தியாசம்?

அன்றைய காதல் கவிதைகளில் காதலி எட்டாத உயரத்தில் இருப்பாள். கண் சூரியன், உதடு பவளம் என்று வர்ணனை நீளும். சட்டம் படித்த டன், வக்கீல் மாதிரி வாதாடுகிறார். உலக வரைபடம், ரசவாதம், வானியல் எல்லாம் சாட்சிக்கு வரும். சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்களை இப்படி லாஜிக்கால் இணைப்பதற்கு 'கன்சீட்' என்று பெயர்.

தெள்ளுப்பூச்சி வாதம்

'தி ஃப்ளீ' கவிதையில் ஒரு தெள்ளுப்பூச்சி இருவரையும் கடிக்கிறது. நம் ரத்தம் அதற்குள் கலந்துவிட்டது, கிட்டத்தட்ட கல்யாணமே ஆன மாதிரிதான், இன்னும் என்ன தயக்கம் என்று அவளைப் படுக்கைக்கு அழைக்கிறான் அவன். அவள் பூச்சியை நசுக்கிவிடுகிறாள். அப்போதும் அவன் விடுவதில்லை. அதைக் கொன்றதால் உனக்கு ஒரு நஷ்டமும் இல்லையே, இதுவும் அப்படித்தான் என்று வாதத்தையே திருப்பிப் போடுகிறான்.

ஆண்ட்ரூ மார்வெலின் புகழ்பெற்ற காதல் கவிதையும் இந்த ரகம்தான். காலம் நிறைய இருந்தால் காத்திருக்கலாம், ஆனால் இல்லை, ஆகவே இப்போதே என மூன்று படிகளில் போகிறது. படிக்க ஜாலியாக இருக்கும். ஆனால் இரண்டிலும் பேசுவது ஆண் மட்டுமே. 'வேண்டாம்' என்பதற்குப் பதில் சொல்லத்தான் இத்தனை புத்திசாலித்தனமும்.

காம்பஸ் வாதம்

1611-ல், கர்ப்பிணி மனைவி ஆனை விட்டுவிட்டு டன் பிரான்ஸுக்குப் போக வேண்டியிருந்தது. காம்பஸ் கவிதை அப்போது எழுதப்பட்டது என்கிறார் டன்னின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஐசக் வால்டன்.

அதே லாஜிக்தான், வேலைதான் வேறு. காம்பஸின் ஒரு கால் நடுவில் நிற்கிறது. இன்னொன்று சுற்றப் போகிறது. அது விலக விலக, நிற்கும் கால் அந்தப் பக்கமே சாய்கிறது. திரும்பி வந்ததும் நிமிர்கிறது. நடுக்கால் அசையாமல் இருந்தால்தான் வட்டம் தொடங்கிய இடத்தில் முடியும். பிரிவு என்பது உடைவதில்லை, தங்கத்தை அடித்துத் தகடாக்குவது போல விரிவதுதான் என்றும் சொல்கிறார். இங்கே யாரையும் சம்மதிக்க வைக்கும் வேலை இல்லை. அழாமல் விடைகொடுக்க, இருவரும் பிடித்துக்கொள்ள ஒரு காரணம் தேடுகிறார், அவ்வளவுதான்.

கவிதைக்கு வெளியே

இந்தக் காதலுக்கு டன் கொடுத்த விலை பெரிது. அரசு உயரதிகாரி தாமஸ் எகர்டனிடம் செயலாளராக இருந்தவர், எகர்டன் மனைவியின் உறவுப் பெண்ணான ஆனை 1601 டிசம்பரில் ரகசியத் திருமணம் செய்தார். ஆனுக்கு அப்போது சுமார் 17 வயது. விஷயம் வெளியே வந்ததும் பெண்ணின் அப்பா கொதித்தார். டன்னுக்கு வேலை போனது, சிறைவாசமும் கிடைத்தது. திருமணத்தை நடத்திவைத்தவரும் சாட்சியாக நின்றவரும்கூட உள்ளே போனார்கள். திருமணம் செல்லும் என்று பிறகு தீர்ப்பானது. ஆனால் பழைய வாழ்க்கை திரும்பவில்லை. பல ஆண்டுகள் பணக்கஷ்டம்தான்.

ஆன் 1617-ல், 12-வது பிரசவத்துக்குச் சில நாட்களில் இறந்துபோனார். நடுவில் ஊன்றி நின்ற அந்தக் கால் அவர்தான். பிரிவைத் தாங்க டன் ஒரு அழகான காரணம் கண்டுபிடித்தார். நிற்கும் காலுக்கு அது போதுமானதாக இருந்ததா என்பதைக் கவிதை சொல்லவில்லை.